வேருக்குக் கீழே ஒரு குடம் தண்ணீர்

பழைய டிரம், பெயின்ட் வாளி, காலி பாட்டில் போதும். தானாக நீர் எடுத்துக்கொள்ளும் காய்கறிப் பாத்தியை வீட்டு மாடியிலேயே அமைக்கலாம்.

மாடித்தோட்டத்தை ஆசையோடு தொடங்கிக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி என்பார்கள், குரங்குத் தொல்லை என்பார்கள், நேரமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். “அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். வந்து பார்த்தா எல்லாம் கருகிக் கிடக்கு. அதோட விட்டாச்சு.” குலதெய்வக் கோயில், கோடை விடுமுறை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போவது என்று தண்ணீர் ஊற்ற ஆளில்லாத நாலு நாள் எந்தக் குடும்பத்துக்கும் வரும். அந்த நாலு நாளில் நாலு மாத உழைப்பு போய்விடுகிறது.

மொட்டை மாடியின் வெயில் தரை வெயிலைவிடக் கடுமையானது. சித்திரையில் வளர்ப்புப் பைக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து தளத்தின் சூடு, பக்கவாட்டில் அனல் காற்று. காலையில் ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அடி ஓட்டைகள் வழியாக அப்போதே ஓடிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி பொழுது சாய்வதற்குள் ஆவியாகும். அதனால்தான் கோடையில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னைவாசிகள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் கத்தரிச் செடிக்கு இரண்டு வேளை எப்படி ஊற்றுவது?

தண்ணீரை மேலிருந்து ஊற்றுவதற்குப் பதிலாக, வேருக்குக் கீழே தேக்கி வைப்பது இதற்கு ஒரு நல்ல வழி. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், டைமர் வேண்டாம். தோட்டப் பிரியர்கள் இதை ‘விக்கிங் பெட்’ என்கிறார்கள். காயலான் கடையில் கிடைப்பதை வைத்தே அமைத்துவிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். பாத்திரம் எதுவாகவும் இருக்கலாம். அளவுகளில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தண்ணீர்த் தேக்கத்தின் ஆழம், மண்ணின் உயரம், வழிந்தோடும் துளை இருக்கும் இடம், மொத்த எடை ஆகிய நான்கும் சரியாக இருந்தால் இந்தப் பாத்தி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒன்று தவறினாலும் வேர் அழுகும், அல்லது செடி காயும்.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?

அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மண்ணில் இருக்கும் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை மேலே இழுக்கும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். ஜல்லிக்கல்லுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிது. அதில் தண்ணீர் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொள்ளலாம். தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த கலவையில் நன்றாக ஏறும். ஆனால் அங்கும் ஒரு வரம்பு உண்டு. ஏறுகிற வேகத்தைவிட மேலே ஆவியாகிற வேகம் அதிகமாகும்போது மேல்மண் காயத் தொடங்கும். அதனால்தான் மண்ணின் உயரம் 30 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தப் பாத்திகளின் அடிப்படை விதி.

நம்பிக்கை வருவதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டுங்கள். மேல்பாதியின் மூடியில் ஓட்டை போட்டு, பழைய பருத்தித் துணிப் பட்டை ஒன்றை நுழைத்துவிடுங்கள். அதைத் தலைகீழாகக் கீழ்ப்பாதியில் செருகி, ஈரப்படுத்திப் பிழிந்த நார்க்கழிவை நிரப்பி ஒரு புதினாக் குச்சியை நடுங்கள். கீழே தண்ணீர். அவ்வளவுதான். பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் எலும்பாகக் காய்ந்த நார்க்கழிவை அப்படியே நிரப்பி வைத்துப் பாருங்கள். முதல் பாட்டிலில் கருமையான ஈரக் கோடு மேல்வரை பரவி நிற்கும். இரண்டாவதில் துணியைச் சுற்றிக் கொஞ்சம் நனைந்திருக்கும். மேலே பழுப்பாக, பொடியாகவே கிடக்கும். ஒருமுறை முற்றிலும் காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை லேசில் ஏற்காது. பாத்தி அமைத்த முதல் நாள் மேலிருந்தே முழுக்க நனைக்க வேண்டும் என்பது இதனால்தான். இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள்தான் ‘தண்ணி மேலே ஏறலை’ என்று புலம்புகிறார்கள்.

உலகம் அறிந்த உத்தி

வேருக்கு அருகில் தண்ணீரை வைக்கும் யோசனை மிகப் பழையது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ஃபான் ஷெங்ஜி, மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் பூசணி வகை விதைகளை ஊன்றும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார். பானையின் சுவரில் கசியும் ஈரமே செடிக்குப் பாசனம். நம் ஊரிலும் மரக்கன்றுகளுக்குப் பானை புதைக்கும் வழக்கம் உண்டு. மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில், ஆழமற்ற ஏரியில் சேறும் தாவரக் கழிவும் குவித்து உயர்த்திய ‘சினாம்பா’ வயல்களுக்கு இரு பக்கக் கால்வாய்களிலிருந்து ஈரம் கசிந்து ஏறுகிறது. ஆஸ்டெக் மக்களின் தலைநகருக்குச் சோறு போட்ட இந்த வயல்களின் எச்சம் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

இதன் இன்றைய வடிவம் பிளாஸ்டிக் காலத்தில் வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளி விவசாயியான பிளேக் விசனன்ட் 1990களில் அடியில் நீர்த்தேக்கம் கொண்ட ‘எர்த்பாக்ஸ்’ பெட்டியை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் இதே தத்துவத்தில் பெரிய பாத்திகளை அமைத்துப் பரப்பினார். வறட்சியோடு வாழப் பழகிய நாட்டில் அது வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. நமக்கும் அந்தத் தேவை இருக்கிறது. அதற்கான பழைய பொருட்களும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன.

காயலான் கடையில் எதை எடுப்பது?

முதல் தேர்வு 200 லிட்டர் நீல டிரம். அடர்த்தியான, வெயில் தாங்கும் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக், முக்கோணத்துக்குள் 2 என்ற எண் பொறித்திருக்கும். அடுத்தது 20 லிட்டர் பெயின்ட் வாளி. இது பெரும்பாலும் 5 என்று பொறித்த பாலிபுரொப்பிலீன். தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் வாளிகளை எடுத்து, ஒட்டியிருப்பதை முழுக்கச் சுரண்டிக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். விரிசல் விட்ட மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் விடாதீர்கள். விரிசலுக்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி எடுத்தால் அருமையான கீரைப் பாத்தி.

டிரம்மை வாங்குமுன் அதில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சமையல் எண்ணெய், வினிகர், சர்க்கரைப் பாகு போன்றவை இருந்த டிரம் என்றால் எடுக்கலாம். பூச்சிமருந்து, அமிலம், தின்னர், சாயம் இருந்தது என்றால் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாத டிரம்மையும் தவிர்ப்பதே நல்லது. இதில் விளைவது நம் வீட்டுக் குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது.

குடிநீர் கேன்களில் ஒளி ஊடுருவும். உள்ளே பாசி படியாமலிருக்க வெளிப்புறம் பெயின்ட் அடிக்க வேண்டும், அல்லது சிமென்ட் சாக்கைச் சுற்ற வேண்டும். 7 என்று பொறித்த பாலிகார்பனேட் கேன்களை விட்டுவிடலாம். மீன் வரும் தெர்மகோல் பெட்டிகள் வெயிலில் உதிர்ந்து மண்ணில் கலக்கும், அதுவும் வேண்டாம்.

ஒரு டிரம், இரண்டு தொட்டி

டிரம்மை இரண்டு விதமாக அறுக்கலாம். நெடுக்கே பிளந்தால் தொட்டில் வடிவில் இரண்டு பாத்தி கிடைக்கும். நடுவில் மண் ஆழம் 17 செ.மீ. அளவுதான் வரும் என்பதால் அவை கீரை, புதினா, கொத்தமல்லிக்குப் பொருத்தம். குறுக்கே சரிபாதியாக அறுத்தால் ஏறக்குறைய 45 செ.மீ. உயரமும் 58 செ.மீ. விட்டமும் கொண்ட இரண்டு தொட்டிகள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இதுதான் சரி. இந்த இரண்டாவது வகையை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

அறுத்தல்: சுற்றிலும் கயிறு கட்டி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, ஜிக்சா அல்லது ரம்பத்தால் அறுங்கள். மூடியைத் திறந்து உள்ளே நன்றாகக் கழுவிய பிறகே அறுக்க வேண்டும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மேல்பாதியைக் கவிழ்த்தால் டிரம்மின் இரண்டு திருகு மூடிகளும் அடியில் வரும். பழைய டிரம்களில் அந்த மூடிகளின் வாஷர் பெரும்பாலும் இற்றுப் போயிருக்கும். டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்கி, ஓரத்தை எம்-சீல் வைத்து அடையுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வைத்துப் பார்த்து, கசிவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை.

வழிந்தோடும் துளை: அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் ஒரு துளை. இந்தப் பாத்தியின் உயிர் இந்தத் துளைதான். ஐப்பசி அடைமழையில் தொட்டி முழுதும் நிரம்பினால் வேருக்குக் காற்றில்லாமல் செடி இரண்டு மூன்று நாளில் வாடும். துளை இருந்தால் 15 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்காது. அரை இஞ்ச் டேங்க் நிப்பிள் பொருத்தி, அதன் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள்.

நீர்த்தேக்கம்: ஜல்லியை நிரப்புவதுதான் பலரும் செய்வது. ஆனால் ஜல்லிக்கு இடையே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இடம்தான் காலி. 40 லிட்டர் இடத்தில் 15 லிட்டர் தண்ணீர்கூட நிற்காது, எடையோ ஏறிவிடும். அதைவிட, காலி ஒரு லிட்டர் பாட்டில்களைச் சுற்றிலும் துளையிட்டு, மூடி போட்டு, நெருக்கமாகப் படுக்க வையுங்கள். எடை கூடாது, 25 லிட்டர் வரை தண்ணீர் நிற்கும். துளைகள் பாட்டிலின் அடிப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் இருக்க வேண்டும். மேலே துளை இல்லாவிட்டால் காற்று அடைபட்டுத் தண்ணீர் உள்ளே நுழையாது.

உறிஞ்சும் தூண்கள்: பாட்டில்களுக்கு நடுவே, அடிவரை எட்டும்படி இரண்டு மூன்று இடங்களில் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாக்களை நிறுத்தி, ஈரக் கலவையை அமுக்கி நிரப்புங்கள். கீழிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருபவை இந்தத் தூண்கள்தான். இவை இல்லாமல் பாட்டில்களுக்கு மேல் மண்ணைக் கொட்டினால், தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கியதுமே தொடர்பு அறுந்துவிடும். தூண்களின் மொத்தப் பரப்பு தொட்டியின் அடிப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

நீர் ஊற்றும் குழாய்: ஒரு முழ நீளத்துக்கு ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாய். அடிமுனையைச் சாய்வாக வெட்டினால் தரையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளாது. மேல்முனைக்கு மூடி கட்டாயம். குழாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியின் அடியில் தெர்மகோல் துண்டைச் செருகி மிதக்கவிட்டால், குச்சி எவ்வளவு எழும்புகிறது என்பதை வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை அறியலாம்.

பிரிக்கும் துணி: பாட்டில்களின் மேல் நிழல்வலையை இரண்டாக மடித்து விரித்து, தூண்கள் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டிவிடுங்கள். வலைக்குப் பதில் பழைய புடவை போடுவதென்றால், பருத்திப் புடவை சீக்கிரம் மட்கிவிடும். பாலியஸ்டர் புடவை தாங்கும். இதன் மேல் 27 செ.மீ. உயரத்துக்குக் கலவை. விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

கலவையில் களிமண் வேண்டாம்

வயல் மண்ணை அப்படியே போட்டால் அடியில் இறுகிச் சேறாகும். நார்க்கழிவு நாலு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் நாலு பங்கு, செம்மண்ணும் ஆற்று மணலும் சேர்ந்து இரண்டு பங்கு. இதனுடன் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். மேலே காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பினால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

முதல் நாள் மேலிருந்து ஊற்றி, வழியும் துளையில் தண்ணீர் வரும்வரை நனையுங்கள். விதை போட்டாலும் நாற்று நட்டாலும், வேர் கீழே இறங்கும்வரை முதல் இரண்டு வாரம் மேலேயும் தெளிக்க வேண்டும். அதன் பிறகு குழாய் வழியாக மட்டும் ஊற்றினால் போதும். காய்ப்பில் இருக்கும் ஒரு பெரிய செடி கடும் கோடையில் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். 25 லிட்டர் தேக்கம் ஒரு வாரத்துக்கு ஓடும். மார்கழியில் அதற்கு இரு மடங்கு நாள் வரும்.

தளம் தாங்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் தொடங்கக் கூடாது. மேலே சொன்ன ஒரு தொட்டியில் தண்ணீரும் ஈரக் கலவையும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் தளத்தின் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் வரலாம் என்று கணக்கிட்டு வடிவமைக்கச் சொல்கிறது, கட்டடப் பாரம் பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. ஆக, தொட்டிகளை நெருக்கி அடுக்கினால் வரம்பு எளிதில் தாண்டிவிடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு தொட்டி என்று இடைவெளி விடுங்கள். நடுத்தளத்தில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடுகிற கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, தாங்குசுவர் இல்லாத பால்கனி விளிம்பு ஆகியவற்றில் வைக்கவே கூடாது. ஓதம் காத்த, விரிசல் விட்ட பழைய கட்டடம் என்றால் பொறியாளரிடம் காட்டாமல் எதையும் ஏற்ற வேண்டாம். தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் காயும், கசிவு இருந்தாலும் கண்ணில் படும்.

கொசு, உப்பு, நாற்றம்

தேங்கும் நல்ல தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நம் தேக்கம் மண்ணுக்கு அடியில் மூடிக் கிடப்பது ஒரு பாதுகாப்பு. திறந்திருப்பவை ஊற்றும் குழாயும் வழியும் துளையும் மட்டுமே. ஒன்றுக்கு மூடி, இன்னொன்றுக்கு வலை. வாரம் ஒருமுறை ஊற்றப் போகும்போது இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். அடுக்ககங்களில் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். அவர் கேட்பது நியாயமும்கூட.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு வேறொரு கவனம் தேவை. தண்ணீர் கீழிருந்து மேலேறி ஆவியாகும்போது உப்பை மேல்மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது. மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிவதும், இலை நுனி கருகுவதும் அதன் அடையாளம். மாதம் ஒருமுறை மேலிருந்து தாராளமாக ஊற்றி, வழியும் துளை வழியாக வெளியேற விடுங்கள். மழைக்காலத்தில் அந்த வேலையை வடகிழக்குப் பருவமழையே செய்துவிடும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. அதைப் பிடித்து ஊற்றலாம்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்றவற்றைக் குழாய் வழியாக ஒருபோதும் ஊற்றாதீர்கள். காற்றில்லாத தேக்கத்தில் அவை அழுகி நாற்றமெடுக்கும்; வேரும் கெடும். பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மி.லி. கலந்து இலைமேல் தெளியுங்கள். திட உரத்தை மேல்மண்ணில் கிளறிவிடுங்கள்.

எதை நடலாம்?

தக்காளி, கத்தரி, மிளகாய் இந்தப் பாத்தியின் செல்லப் பிள்ளைகள். குறிப்பாகத் தக்காளி. ஈரம் ஒருநாள் கூடி ஒருநாள் குறைவதால் வரும் காய் வெடிப்பும், அடிப்பக்கக் கருமையும் இங்கே குறையும். அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பொன்னாங்கண்ணி, புதினா ஆகியவை தொட்டில் வடிவப் பாத்தியில் தளதளவென்று வரும். கற்றாழை, கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இந்த ஈரம் ஆகாது. முருங்கை, பப்பாளிக்கு ஆழம் போதாது. ஆடிப்பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தொட்டியைத் தயார் செய்து கலவையை ஆறவிட்டால், விதைக்கும் நேரத்தில் எல்லாம் பக்குவமாக இருக்கும்.

அரசும் அடுக்ககங்களும் செய்ய வேண்டியது

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை பல ஆண்டுகளாக மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கிவருகிறது. வளர்ப்புப் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள் எல்லாம் அதில் உண்டு. எத்தனையோ வீடுகளில் முதல் கத்தரிக்காய் அந்தத் தளையிலிருந்துதான் காய்த்தது. அந்த நல்ல திட்டத்தில் சேர வேண்டிய அடுத்த பொருள், அடியில் நீர்த்தேக்கம் கொண்ட தொட்டி ஒன்று. அதற்குச் செலவு அதிகம் என்றால், அதை அமைக்கும் முறையை விளக்கும் ஒரு தாளும், ஒரு குழாய்த் துண்டும், வலைத் துண்டும், நிப்பிளும் போதும். டிரம்மை மக்கள் தேடிக்கொள்வார்கள். உள்ளாட்சிகள் சேகரிக்கும் உலர் கழிவிலிருந்து தரமான டிரம், வாளிகளைப் பிரித்து, முன்பு என்ன இருந்தது என்று குறித்து, தோட்டம் போட விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கலாம். குடியிருப்போர் சங்கங்கள், கட்டடப் பொறியாளர் ஒருவரை ஒரே ஒருமுறை அழைத்து, மாடியில் எந்தக் கோட்டில் தொட்டி வைக்கலாம் என்று சுண்ணாம்பால் குறித்து வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் பெண்கள், முட்டிவலியோடு மாடி ஏறும் பெரியவர்கள், தண்ணீர் லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் என்று தினம் இரண்டு வேளை வாளி தூக்க முடியாதவர்களிடமும் தோட்ட ஆசை இருக்கிறது. வாரம் ஒருமுறை குழாயில் ஊற்றினால் போதும் என்றால் அவர்களும் காய்கறி விளைவிப்பார்கள். முதலில் ஒரே ஒரு டிரம்மை வாங்கி அறுங்கள். ஒரு தொட்டியில் தக்காளி, இன்னொன்றில் மிளகாய். ஒரு பருவம் முழுக்க அதைக் கவனித்து, உங்கள் தண்ணீருக்கும் உங்கள் வெயிலுக்கும் அளவுகளைத் திருத்திக்கொண்டு, அடுத்த பட்டத்தில் பெருக்குங்கள்.